முடக்கிய பக்கத்தின் ஆணையை எழுதியவர் கையில் கொடுங்கள்

நடுவண் அரசின் மின்னணுவியல், தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தில், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் இணையப் பக்கங்களை முடக்கும் கோரிக்கைகளை ஆய்வு செய்யும் குழுவினருக்கு,

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

இருபது ஆண்டுகளாகத் தமிழில் வலைப்பதிவு எழுதி வருகிறேன். சிவகங்கைச் சீமையின் கண்மாய்கள், அவற்றின் மடைகள், மிகைநீர் வழிந்தோடும் கழுங்குகள், அவற்றைக் காத்த மனிதர்கள், அவர்களோடு வழக்கொழிந்து வரும் சொற்கள் ஆகியவையே என் பதிவுகளின் பொருள். அன்றாடம் வந்து வாசிப்போர் சில நூறு பேர் இருப்பார்கள். இம்மடலில் நான் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: ஒருவர் எழுதிய பக்கத்தை முடக்க நீங்கள் ஆணையிட்டால், அந்த ஆணையையும் அதற்கான காரணத்தையும் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். இதை ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்பது விளங்க, 2006ஆம் ஆண்டின் ஒரு வாரத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அந்த ஆண்டு ஜூலை 11 அன்று மும்பையின் புறநகர் ரயில்களில் ஏழு குண்டுகள் வெடித்தன. நாடே கலங்கியிருந்த அந்த நாட்களில், தொலைத்தொடர்புத் துறை இணைய இணைப்பு நிறுவனங்களுக்கு ஒரு பட்டியலை அனுப்பி, அதிலுள்ளவற்றை அடைக்கச் சொன்னது. பட்டியலில் இருந்தவை இருபதை ஒட்டிய தளங்களும் பக்கங்களும் மட்டுமே. அவற்றுள் சில, பிளாக்ஸ்பாட்டில் தனிமனிதர்கள் நடத்திய வலைப்பதிவுகள். ஆனால் நிறுவனங்கள் பலவும் அந்தச் சிலவற்றைப் பிரித்தறிந்து அடைக்க முயலாமல், பிளாக்ஸ்பாட் என்ற முகவரியையே ஒட்டுமொத்தமாக அடைத்துவிட்டன. சமையற்குறிப்பு எழுதியவரும், சிறுகதை எழுதியவரும், குழந்தை வளர்ப்பைப் பற்றி எழுதியவரும், கண்மாயைப் பற்றி எழுதிய நானும் ஒரே நாளில் இருட்டுக்குள் போனோம். குண்டு வெடிப்பில் உற்றாரைத் தேடியவர்களுக்கும் மருத்துவமனை விவரம் கேட்டவர்களுக்கும் உதவுவதற்காக மும்பை இளைஞர்கள் நடத்திவந்த வலைப்பதிவும் அதே பிளாக்ஸ்பாட்டில்தான் இருந்தது.

அப்போது நான் மானாமதுரையில் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து எ-கலப்பை என்ற தமிழ் மென்பொருளில் தட்டச்சு செய்து எழுதிக்கொண்டிருந்தேன். கலிங்கு, கழுங்கு என்ற இரு வழக்குகளைப் பற்றி நீண்ட பதிவொன்றை எழுதி முடித்து ஏற்றினேன். பதிவு வெளியாகிவிட்டது என்று பிளாக்கர் தளம் சொன்னது. பதிவைப் பார்க்கச் சுட்டியை அழுத்தினால் பக்கம் கிடைக்கவில்லை என்று வந்தது. பதிவு எழுதும் தளத்தின் முகவரி வேறு, பதிவு தோன்றும் தளத்தின் முகவரி வேறு என்பதையும், முன்னது திறந்திருக்கப் பின்னது அடைபட்டிருக்கிறது என்பதையும் அன்று நான் அறியவில்லை. “சர்வர் டவுனா இருக்கும்ணே, சாயங்காலம் வந்து பாருங்க” என்றான் கடையைப் பார்த்துக்கொண்ட பையன். மாலையிலும் திறக்கவில்லை, மறுநாளும் திறக்கவில்லை. முந்தைய வாரம், பதிவின் தோற்றத்தை அமைக்கும் வார்ப்புருவில் நான் செய்திருந்த ஏதோ ஒரு திருத்தத்தால்தான் எல்லாம் பாழாகிவிட்டது என்று முடிவுகட்டி, அதை முழுவதும் அழித்துவிட்டுப் புதிய வார்ப்புருவை ஏற்றினேன். ஓராண்டாகப் பக்கப்பட்டையில் சேர்த்து வைத்திருந்த சுட்டிகள் அத்தனையும் அத்தோடு போயின.

மூன்றாம் நாள், சிங்கப்பூரில் வேலை பார்த்த இளையான்குடிக்காரர் ஒருவர் அதே பதிவுக்கு இட்ட பின்னூட்டம் என் மின்னஞ்சலுக்கு வந்தது. தங்கள் ஊர்ப் பக்கம் அதைக் கலுங்கு என்றே சொல்வார்கள் என்று திருத்தி எழுதியிருந்தார். கடல் கடந்து இருப்பவர் வாசித்துவிட்டுத் திருத்தமும் சொல்கிறார். எழுதிய நான் அதைத் திறந்து பார்க்க முடியவில்லை. அப்போதுதான் பழுது என் பக்கத்தில் இல்லை என்பது உறைத்தது. பிறகு நண்பர்கள் வழியாகச் செய்தி தெரிந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் பாகிஸ்தான் பிளாக்ஸ்பாட்டை அடைத்தபோது அந்நாட்டுப் பதிவர்களுக்காக உருவாக்கப்பட்ட ஒரு மாற்று வாயில் வழியாக, எங்கள் பதிவுகளை நாங்கள் வாசித்தோம். ஒரு வாரம் கழித்து அடைப்பு நீங்கியது. அடைத்தபோதும் எவரும் எங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை; திறந்தபோதும் எழுதவில்லை.

அந்த வாரத்தில் நான் இழந்தது சில சுட்டிகளே என்று நீங்கள் நினைக்கலாம். என்னை இன்றுவரை உறுத்துவது, குற்றம் என்னுடையது என்று எண்ணி என் உழைப்பை நானே அழித்துக்கொண்டேன் என்பதுதான். தான் முடக்கப்பட்டிருப்பதை அறியாதவர் யாரிடம் முறையிடுவார்? கணினியைத் திட்டுவார், இணைப்பைக் குறை சொல்வார், வாசகர்கள் தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று எண்ணுவார், கடைசியில் எழுதுவதை விட்டுவிடுவார். அப்படி விட்டவர்களையும் நான் அறிவேன்.

2006இல் நடந்தது முதன்முறையும் அல்ல. 2003இல் மேகாலயாவின் காசி இனப் பிரிவினைக் குழு ஒன்றுக்குச் சார்பான ஒரே ஒரு யாகூ மின்மடல் குழுமத்தை அடைக்கச் சொன்னபோது, இணைப்பு நிறுவனங்கள் யாகூ குழுமங்கள் முழுவதையும் அடைத்தன. ‘மரத்தடி’, ‘ராயர் காப்பி கிளப்’ போன்ற தமிழ்க் குழுமங்கள் நடந்ததும் அங்கேதான்.

இதன்பின் நிலைமை ஓரளவு மேம்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. 69ஏ பிரிவும், அதன்கீழ் 2009இல் வந்த முடக்க விதிகளும், அதுவரை இல்லாத ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தன. உங்கள் குழுவில் சட்டம், உள்துறை, தகவல் ஒலிபரப்பு ஆகிய துறைகளின் உயர் அலுவலர்கள் இருக்க வேண்டும். நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்று சட்டம் சொல்லும் காரணங்களுக்காக மட்டுமே முடக்க வேண்டும். காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். அவசர நிலை அல்லாதபோது, நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குக் குறையாத அவகாசம் கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும். தாளில் வாசிக்கும்போது இவை நல்ல விதிகளாகவே தெரிகின்றன.

விளக்கம் யாரிடம் கேட்பது என்று சொல்லும் 8ஆம் விதியில்தான் சிக்கல் இருக்கிறது. பக்கத்தை எழுதிய நபருக்கு ‘அல்லது’ அதைத் தாங்கி நிற்கும் இடைநிலை நிறுவனத்துக்கு அறிவிப்பு அனுப்பலாம் என்கிறது அது. அந்த ஒரு ‘அல்லது’வின் வழியாக எழுதியவர் வெளியே தள்ளப்படுகிறார். நிறுவனத்துக்கு அறிவிப்பு போகிறது. நிறுவனத்துக்கோ அந்தப் பதிவோடு எந்த உறவும் இல்லை. எழுதியவருக்காக வாதாட அதற்கு ஒரு காரணமும் இல்லை. ஆணையை மீறினால் ஏழாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம் என்று சட்டமே சொல்வதால், அடைத்துவிடுவதற்குத்தான் எல்லாக் காரணமும் இருக்கிறது. இதற்கு மேல் பூட்டுப் போடுவது 16ஆம் விதி. வந்த கோரிக்கைகள், புகார்கள், அவற்றின் மீது எடுத்த நடவடிக்கைகள் அனைத்தையும் கண்டிப்பான இரகசியமாகக் காக்க வேண்டும் என்பது அவ்விதி. நகல் கேட்டு எழுதுகிறவருக்குச் சொல்லப்படும் பதில் பெரும்பாலும் அதுதான்.

உச்ச நீதிமன்றம் இந்த விதிகளை அப்படி வாசிக்கவில்லை. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில், இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை ரத்து செய்த அதே தீர்ப்பில், 69ஏ பிரிவு செல்லும் என்று கூறியபோது, எழுதியவர் இன்னார் என்று அடையாளம் காண முடிந்தால் அவரையும் கேட்ட பிறகே முடக்க வேண்டும் என்றும், காரணங்கள் எழுத்தில் இருப்பதால் பாதிக்கப்பட்டவர் அரசமைப்பின் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம் என்றும் நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். இந்தப் பாதுகாப்புகள் இருப்பதாகக் கொண்டுதான் உங்கள் அதிகாரம் தப்பியது. ஆணையைக் கண்ணில் காட்டாவிட்டால் ஒருவர் எதை எடுத்துக்கொண்டு உயர் நீதிமன்றத்துக்குப் போவார்?

இதற்கு நம் மாநிலத்திலிருந்தே ஒரு முன்னுதாரணம் உண்டு. 1950 மார்ச் 1 அன்று அன்றைய சென்னை மாகாண அரசு, பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற ஆங்கில வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் வரவோ விற்கப்படவோ கூடாது என்று ஆணையிட்டது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ், என்ன நோக்கத்துக்காக, எந்த இதழ் தடை செய்யப்படுகிறது என்று கூறி, அந்த ஆணை புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழில் வெளியாயிற்று. தாப்பர் அதை எடுத்துக்கொண்டு நேரே உச்ச நீதிமன்றம் சென்றார். மே 26 அன்று, மூன்று மாதம்கூட நிறையாத நிலையில், தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. வெளியிடும் உரிமையில் பரப்பும் உரிமையும் அடங்கும், பரவாத வெளியீட்டுக்குப் பெரிய மதிப்பில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். மறு ஆண்டே அரசமைப்பு திருத்தப்பட்டு, பொது ஒழுங்கும் கருத்துரிமைக்கான வரம்புகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது என்பதும் உண்மை. ஆனால் வரம்பு கூடியதே தவிர, வரம்பு மீறினார் என்று சொல்லப்படுபவரிடம் அதை மறைக்கலாம் என்று எவரும் அன்று சொல்லவில்லை.

அச்சிட்ட நூலுக்கு அந்த மரியாதை இன்றும் இருக்கிறது. ஒரு நூலைப் பறிமுதல் செய்ய மாநில அரசு விரும்பினால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95ஆம் பிரிவின்படியும், அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98ஆம் பிரிவின்படியும், காரணங்களைக் கூறி அறிவிக்கை வெளியிட வேண்டும். பாதிக்கப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் முறையிடலாம். மூன்று நீதிபதிகள் கொண்ட தனி அமர்வு அதைக் கேட்கும். நான் கண்மாய்க் கட்டுரைகளை நூலாக அச்சிட்டால் எனக்கு இத்தனை பாதுகாப்பும் கிடைக்கிறது. அதே கட்டுரைகள் வலைப்பதிவில் இருந்தால், அவை முடக்கப்பட்டன என்ற செய்திகூட எனக்கு வரத் தேவையில்லை என்றாகிறது. எழுத்து அதுவே, எழுதியவனும் நானே. தாளில் இருப்பதற்கும் திரையில் இருப்பதற்கும் இடையே இவ்வளவு பெரிய வேற்றுமை எப்படி நியாயமாகும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இது வெறும் அச்சம் அல்ல. வரதட்சணை வாங்கும் வழக்கத்தைக் கேலி செய்து, மாப்பிள்ளைக்கு விலை கணக்கிடுவதைப் போல ஓர் இணையதளத்தைத் தனுல் தாக்கூர் என்ற பத்திரிகையாளர் நடத்திவந்தார். 2018இல் அது முடக்கப்பட்டது. ஆணையின் நகலை அவருக்குக் கொடுக்க வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது 2022 மே மாதம் ஆகிவிட்டது. 1950இல் தாப்பர் தீர்ப்பே பெற்றுவிட்ட காலத்தைப் போலப் பல மடங்கு காலம், தாக்கூர் ஆணையின் நகலுக்காகவே காத்திருந்தார்.

2025 பிப்ரவரி 15 அன்று விகடன் இணையதளம் பலருக்கும் திறக்காமல் போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். விகடன் பிளஸ் என்ற இணைய இதழின் அட்டையில் வந்த ஒரு கேலிச்சித்திரமே காரணம். தளம் திறக்காமல் போனது முதலில் நடந்தது. குழுக் கூட்டத்துக்கான அறிவிப்பு அதற்கு மறுநாள்தான் வந்தது. ஒரு சித்திரத்துக்காக, பல ஆண்டுகளாகச் சேர்ந்த செய்தியும் கதையும் கட்டுரையும் அடங்கிய தளம் முழுவதும் மூடப்பட்டது. மார்ச் 6 அன்று, அந்தச் சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கிவிட்டால் தளத்தைத் திறக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே விகடனின் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் 1987இல் ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காகச் சட்டமன்றத்தால் சிறைக்கு அனுப்பப்பட்டதை மூத்த வாசகர்கள் அறிவார்கள். அது அநீதியான தண்டனைதான். ஆயினும் தண்டித்தது யார், எதற்காக என்பது மறுநாள் காலை நாடெங்கும் தெரிந்திருந்தது. மக்கள் கொதித்தார்கள், அவரும் விரைவிலேயே வெளியே வந்தார், பிறகு வழக்காடி வென்றார். விகடனுக்கு ஏறக்குறைய நூற்றாண்டுப் பெயரும், வழக்கறிஞர்களும், இலட்சக்கணக்கான வாசகர்களும் உண்டு. ஆகவே மூன்று வாரத்தில் தீர்வு கிடைத்தது. மானாமதுரையில் தனியாக உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு இவற்றில் எது இருக்கிறது?

ஒரு பக்கத்துக்காக ஒரு தளமே ஏன் மூடப்படுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் செய்த இணைப்பில் இயங்குகின்றன. வாசகர் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பதை இணைப்பு நிறுவனம் காணலாம். அத்தளத்தில் எந்தப் பக்கத்தைத் திறக்கிறார் என்பதைக் காண முடியாது. ஆகவே ஒரு பக்கத்தை அடைக்கச் சொல்லி இணைப்பு நிறுவனத்துக்கு ஆணை போனால், அது தளத்தை முழுவதுமாக அடைக்கத்தான் முடியும். 2014 டிசம்பரில், நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட்ஹப்பும் இணைய ஆவணக் காப்பகமும் உள்ளிட்ட 32 தளங்களை அடைக்கச் சொன்னபோதும், சில பக்கங்களுக்காகத் தளங்கள் முழுவதும் மூடப்பட்டன. பழைய மாவட்டக் கையேடுகளையும் நில அளவைக் குறிப்புகளையும் நான் வாசிப்பது அந்தக் காப்பகத்தில்தான். எங்கள் கண்மாய்ப் பாசனத்தில் ஒரு வயலுக்குத் தண்ணீர் போகக் கூடாது என்றால் அந்த வயலின் வாய்க்காலைத்தான் அடைப்பார்கள். அதற்காக மடையை அடைத்து ஆயக்கட்டு முழுவதையும் காயப்போட மாட்டார்கள். தண்ணீர் குறைந்த ஆண்டில் எந்த வயலுக்கு முறை இல்லை என்பதையும், ஏன் இல்லை என்பதையும், தண்ணீர் பங்கிடும் ஊர்ப் பணியாளரான நீர்பாய்ச்சி அந்த வயல்காரரின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். சொல்லாமல் அடைத்தால் ஊர் அவரைச் சும்மா விடாது. நீங்கள் கையாளும் அதிகாரம் அவருடையதைவிட மிகப் பெரியது. அதற்கேற்பப் பொறுப்பும் பெரிதாக இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

இரகசியத்துக்கு நீங்கள் சொல்லக்கூடிய காரணங்களை நான் எண்ணிப் பார்க்காமல் இல்லை. புகார் கொடுத்தவரைப் பாதுகாக்க வேண்டும் என்றால் அவர் பெயரை அடித்துவிட்டு நகலைக் கொடுங்கள். உளவுத் தகவல் கலந்திருக்கிறது என்றால் அந்த வரிகளை மறைத்துவிட்டு மற்றவற்றைக் கொடுங்கள். முடக்கிய முகவரிகளைப் பொதுவில் பட்டியலிட்டால் மக்கள் அவற்றைத் தேடிப் போவார்கள் என்பது, குழந்தைகளை வதைக்கும் படங்களையும் பணம் பறிக்கும் போலிச் செயலிகளையும் பொறுத்தவரை முற்றிலும் சரி. அவற்றை முடக்குவதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் நான் கேட்பது ஊருக்கெல்லாம் பட்டியல் அன்று. எழுதியவருக்கு அவர் எழுதியதைப் பற்றிய ஆணை. அவருக்கு அதன் முகவரி ஏற்கெனவே தெரியும். அவரிடம் மறைப்பதால் காக்கப்படும் இரகசியம் எதுவும் இல்லை.

எழுதியவரைக் கண்டுபிடிப்பது கடினம் என்று சொல்லப்படுவதுண்டு. புனைபெயரில் மறைந்து எழுதுவோர் சிலரைப் பொறுத்தவரை அது உண்மையாகலாம். என்னைப் போன்ற பெரும்பாலானோர் பதிவின் ஓரத்திலேயே மின்னஞ்சல் முகவரியை வைத்திருக்கிறோம். அதுவும் இல்லாவிட்டால் பதிவைத் தாங்கும் நிறுவனத்திடம் அறிவிப்பைக் கொடுத்து, எழுதியவருக்கு அனுப்பிவைக்கும்படி கட்டளையிடலாம். கணக்கு வைத்திருப்பவரின் முகவரி அந்நிறுவனத்திடம் இருக்கும். பதிவின் பின்னூட்டப் பெட்டியில் ஒரு வரி இட்டாலும் அது எழுதியவர் கண்ணில் படும்.

2014இல் 471 முகவரிகளை முடக்கிய 69ஏ பிரிவு, அரசே வெளியிட்ட கணக்கின்படி, 2020இல் 9,849 முகவரிகளை முடக்கியது. எண்ணிக்கை இப்படி ஏறும்போது, ஒவ்வொன்றையும் நின்று நிதானித்துப் பார்க்க எந்தக் குழுவாலும் முடியாது. பிழைகள் நேரத்தான் செய்யும். அப்பிழையை முதலில் காணக்கூடியவர் எழுதியவர். அவர் கையில் ஆணை இருந்தால், இது நான் எழுதியதே அன்று என்றோ, நீங்கள் குறிப்பிட்ட வரி வேறு பொருளில் எழுதப்பட்டது என்றோ, இந்தச் சொல் எங்கள் வட்டாரத்தில் வசைச்சொல் ஆகாது என்றோ இரண்டு நாளில் உங்களுக்குச் சொல்லிவிடுவார். டெல்லியில் இருந்து தமிழை மொழிபெயர்ப்பில் வாசித்து முடிவெடுப்பவர்களுக்கு அந்த உதவி அவசியம் வேண்டும்.

இவ்விதிகளை எதிர்க்கும் மனுவொன்றில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நடுவண் அரசின் பதிலைக் கேட்டிருக்கிறது. தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 8ஆம் விதியில் ‘அல்லது’ இருக்கும் இடத்தில் ‘மற்றும்’ என்று திருத்துவதும், 16ஆம் விதியின் இரகசியம் எழுதியவருக்குப் பொருந்தாது என்று ஒரு வரி சேர்ப்பதும், அரசிதழில் ஓர் அறிவிக்கையால் செய்யக்கூடியவை. அதற்கும் காலம் பிடிக்கும் என்றால், நாளையே தொடங்கக்கூடிய ஒன்று இருக்கிறது. முடக்கிய பக்கத்தைத் திறப்பவருக்குப் பிழைச் செய்தியோ வெற்றுத் திரையோ தோன்றுவதற்குப் பதிலாக, இன்ன தேதியிட்ட இன்ன எண்ணுள்ள ஆணையின்படி இது முடக்கப்பட்டிருக்கிறது, எழுதியவர் இந்த முகவரிக்கு எழுதி நகல் பெறலாம் என்ற அறிவிப்பு, அவரவர் மொழியில் தோன்றும்படி இணைப்பு நிறுவனங்களுக்கு உத்தரவிடுங்கள். உங்கள் ஆணைகளை மறு ஆய்வு செய்யும் குழு இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்று 14ஆம் விதி சொல்கிறது. அடுத்த கூட்டத்தில், எழுதியவருக்கு அறிவிப்பே அனுப்பாமல் முடக்கப்பட்ட தனிநபர் வலைப்பதிவுகள் எத்தனை என்று அக்குழு உங்களிடம் கேட்கட்டும். அந்த எண்ணை எங்களுக்கும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்
வலைப்பதிவர் ஒருவர்,
மானாமதுரை